கூடத்தை அளந்த பிறகு ஆம்ப் வாங்கலாம்

வீட்டில் பாட்டு கேட்க ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் எடுக்கலாம்ண்ணே?" நான் திருப்பிக் கேட்பது, "உங்க ஹால் எத்தனைக்கு எத்தனை தம்பி?" அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. ஆம்ப்பை (ஸ்பீக்கரைப் பாட வைக்கும் ஆம்ப்ளிஃபையரை) முதலில் வாங்கி, அதற்கு ஜோடியாக ஸ்பீக்கர் தேடி, கடைசியில் இரண்டையும் வைக்க இடம் தேடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் கூடம், அப்புறம் ஸ்பீக்கர், கடைசியில் ஆம்ப்.

எங்கள் குடும்பத் தொழில் மைக் செட். தஞ்சாவூர் மாவட்டம் ஆடுதுறையைச் சுற்றி கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று அப்பா காலத்திலிருந்து குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறோம். அந்தத் தொழிலில் சத்தம் நாலு தெரு தாண்டிப் போனால்தான் பேசிய காசு வரும். வீட்டுக்கு வேண்டியது வேறு. பத்தடி தள்ளி நாற்காலியில் இருப்பவருக்குப் பாடகர் மூச்சு வாங்குவது கேட்க வேண்டும், அடுத்த வீட்டுக்காரருக்கு எதுவும் கேட்கக் கூடாது. திருவிழாவுக்கு வாங்குகிற மனசோடு வீட்டுக்கு வாங்குவதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

முதலில் டேப்பை எடுங்கள்

ஹாலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் வீடுகள் இரண்டு ஜாதி. ஒன்று புதிய காங்கிரீட் வீடு. பன்னிரண்டுக்குப் பத்து ஹால், உயரம் பத்தடி, கீழே வழவழ டைல்ஸ், பட்டி பார்த்த சுவர், கண்ணாடி ஜன்னல், ஒரு பக்கம் முழுக்க ஷோகேஸ். இன்னொன்று ரேழி, கூடம், தாழ்வாரம், நடுவில் முற்றம் என்று நீளமாகப் போகிற பழைய ஓட்டு வீடு. இரண்டுக்கும் ஒரே செட்டைச் சொல்கிற கடைக்காரர் உங்கள் வீட்டைப் பற்றி யோசிக்கவில்லை.

புதிய ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டல் முடிந்த பிறகு 'ட்ரிங்' என்று ஒரு வால் நீளும். எதிரெதிர் மொட்டைச் சுவர்களுக்கு நடுவே சத்தம் மாறி மாறி அடிபடுவதுதான் அது. பாட்டில் வார்த்தை தெளியாமல் போவதற்கும் 'ச', 'ஷ' எல்லாம் காதைக் குத்துவதற்கும் பாதிக் காரணம் இந்த வால். இதற்கு ஸ்பீக்கரைத் திட்டிப் பயனில்லை.

மெல்லிய கோரைப்பாய் விரித்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. மடிப்பு நிறைய வரும்படி கனமான திரை, துணி போட்ட சோபா, புத்தகம் அடுக்கிய திறந்த அலமாரி, தரையில் கனத்த ஜமக்காளம், இவைதான் வேலை செய்யும். இலவம் பஞ்சு மெத்தை வீட்டில் சும்மா கிடந்தால் உட்காருமிடத்துக்குப் பின்சுவரில் சாய்த்து வைத்துக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் அப்போதே தெரியும். முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டுவது வீண் வேலை. பல்லிக்கும் கரப்பானுக்கும் குடியிருப்பு கட்டிக் கொடுத்ததுதான் மிச்சம்.

எந்த இடத்தில் மெத்தை வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்கள் கேட்கும் இடத்தில் உட்காருங்கள். வீட்டுப் பிள்ளை ஒருவர் பக்கச் சுவரோடு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் உங்களுக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் சத்தம் பட்டுத் திரும்பி உங்களிடம் வருகிறது. திரையோ அலமாரியோ அந்த இடத்தில் வரட்டும்.

வாலாவது திரைக்கு அடங்கும். பேஸ், அதாவது அடித் தொனி, அடங்காது. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். இரண்டு சுவருக்கு நடுவே அரை அலை சரியாக அடங்கும் இடம் 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 அதிர்வு. பன்னிரண்டடிக்கு 48 ஹெர்ட்ஸ். இந்த எண்களில் வரும் ஸ்வரம் மட்டும் அறையில் நின்று வீங்கும். அகலமும் உயரமும் இரண்டுமே பத்தடியாக இருந்துவிட்டால் இரண்டு வீக்கமும் ஒரே 57-ல் சேர்ந்துகொள்ளும். பேஸ் கிடாரில் தடித்த பக்கத்திலிருந்து இரண்டாவது தந்தி 55 ஹெர்ட்ஸ், அதைத் தொட்டால் ஹால் முழுக்க 'கும்' என்று பிடித்துக்கொள்ளும், அடுத்த ஸ்வரத்தில் காணாமல் போகும். "பேஸ் சரியில்லைண்ணே, ஆம்ப்பை மாத்தலாமா?" என்று கேட்டு வருகிறவர்களின் வீட்டில் அநேகமாக இதுதான் சங்கதி.

மருந்து, நாற்காலியை நகர்த்துவது. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் அதிகமாகத் தெரியும். ஹாலுக்குச் சரி நடுவில் உட்கார்ந்தால் அந்த முதல் வீக்கம் உங்களுக்குக் கேட்கவே கேட்காது, பாட்டு சோகையாக இருக்கும். பன்னிரண்டடி நீளத்தில் பின்சுவரிலிருந்து நாலடி முன்னால் வந்து உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து அரையடி முன்னே பின்னே நகர்த்தி உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சல்லிக் காசு செலவில்லை.

பழைய வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. முற்றம் திறந்திருப்பதால் பேஸ் வானத்துக்குப் போய்விடும். மரத்தூண், சாய்ந்த ஓடு, உத்திரம் எல்லாம் சத்தத்தைப் பல பக்கம் சிதறடிக்கும். கூடத்தில் ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் புது வீட்டில் கேட்டதை மறந்துவிடுவீர்கள். ஆனால் சுவர் திருப்பித் தருகிற சத்தமும் இல்லை என்பதால் அதே அளவு கேட்க ஆம்ப் அதிகம் உழைக்க வேண்டும். முற்றத்துக்கு மேல் ஃபைபர் ஷீட் போட்டிருந்தால் போல்ட்டையெல்லாம் இறுக்கிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தவில் அடிக்கும் ஷீட்டும் சேர்ந்து வாசிக்கும்.

ஸ்பீக்கரில் பார்க்க வேண்டிய எண்

வாட்ஸ் எண்ணை விட்டுவிட்டு சென்சிடிவிட்டி என்ற எண்ணைத் தேடுங்கள். 87 டெசிபல், 90 டெசிபல் என்று போட்டிருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பது கணக்கு. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84-லிருந்து 90-க்குள் இருக்கும். இதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. சிலர் ஒரு வாட் என்று போடாமல் 2.83 வோல்ட் என்று போடுவார்கள். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை) இரண்டும் ஒன்றுதான். நாலு ஓம் ஸ்பீக்கரில் அதே வோல்ட் இரண்டு வாட்டாகிவிடும், ஆக எண்ணில் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும். கழித்துக்கொள்ளுங்கள்.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஏறுவது 3 டெசிபல்தான். காதுக்குச் சத்தம் இரண்டு பங்கு என்று தோன்ற 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்கு வேண்டும். 50 வாட் ஆம்ப்புக்கும் 60 வாட் ஆம்ப்புக்கும் நடுவில் ஒரு டெசிபல்கூட இல்லை. கடையில் அந்தப் பத்து வாட்டுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டிச் சொல்வார்கள், காது அதைக் கண்டுபிடிக்காது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 87 டெசிபல் ஜோடி, மூடிய ஹால், நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள். தூரத்தால் ஒன்பதரை டெசிபல் போகும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் மூன்று வரும். சுவர்கள் இரண்டு, மூன்று திருப்பித் தரும். ஆக ஒரு வாட்டுக்கு உங்கள் காதில் 83 டெசிபல் மாதிரி விழும். வீட்டில் நன்றாகக் கேட்பது என்றால் 75 போதும், அதற்கு ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்குதான் செலவு. அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். நல்ல ஒலிப்பதிவில் தவில் குச்சி விழுகிற கணத்தில் சத்தம் 20 டெசிபல் எகிறும். 95-ஐத் தொட 16 வாட் வேண்டும். கொஞ்சம் சத்தமாகவே கேட்கிறவர், சராசரி 80, உச்சம் 100 என்றால் 50 வாட். இதுதான் நிஜத் தேவை. அந்தக் கணத்துக்கு ஆம்ப்பிடம் சரக்கு இல்லாவிட்டால் அலையின் உச்சி வெட்டுப்படும், அடி மொத்தையாகக் கேட்கும், பாவம் ட்வீட்டர் (மேல் தொனிக்கான சின்ன ஸ்பீக்கர்) தேவையில்லாத சூட்டை வாங்கிக்கொள்ளும்.

இதே ஜோடியைப் பழைய கூடத்தில் பதினைந்தடி தள்ளி உட்கார்ந்து கேட்டால் காதில் விழுவது ஒரு வாட்டுக்கு 77 மட்டும். 95-க்கு அறுபது வாட்டுக்கு மேல் போய்விடும். அதனால் பழைய வீட்டுக்கு நான் சொல்வது 90 டெசிபலும் அதற்கு மேலும் உள்ள ஸ்பீக்கர், அல்லது நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வது. ஊஞ்சலில்தான் உட்காருவேன் என்கிறவர்களுக்கு என்னிடம் வழி இல்லை. ஊஞ்சல் ஆட ஆட இடம், வலம் எல்லாம் ஆடும்.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கூம்பின் ஓரத்தில் இருக்கும் வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். நுரையால் செய்த வளையம் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து வருஷத்தில் உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் நிற்கும். பெட்டி மரத்தூள் பலகை என்றால் அடிப்பக்கம் ஊதியிருக்கிறதா என்றும் பாருங்கள். கறையான் வந்த வீடாக இருந்தால் தரையில் நேராக வைக்கவே வேண்டாம்.

இப்போது ஆம்ப்

பிஎம்பிஓ (உச்ச வாட் என்று சொல்லிக்கொள்கிற எண்) என்று ஆயிரக்கணக்கில் அட்டையில் அச்சடித்திருந்தால் அதைப் படிக்காமல் கடந்து போங்கள். அந்த எண்ணுக்கு ஒரு பொது அளவுகோல் கிடையாது. ஆம்ப் தொடர்ந்து தருகிற வாட்டைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணை எடுங்கள். அதிலும் எத்தனை ஓமில், எவ்வளவு ஒலிச் சிதைவில், இரண்டு பக்கமும் ஒரே நேரத்திலா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 1974-லேயே ஆம்ப் விளம்பரத்தில் வாட்டை இப்படி விவரத்தோடு சொல்ல வேண்டும் என்று விதி போட்டார்கள். ஏமாற்று அவ்வளவு பழசு. '100 வாட், 10 சதவீத சிதைவு' என்று எழுதியிருந்தால் காதுக்கு நல்லபடியாகக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ ஆன்லைனிலோ வரும் சின்ன கிளாஸ்-டி (அதிகம் சூடாகாத வகை ஆம்ப்) பலகைகள், கையடக்கப் பெட்டிகள் இப்போது நிறையப் பேரிடம் இருக்கின்றன. குறை சொல்ல மாட்டேன், நல்ல சாமான்கள். ஆனால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் கூட வருகிற அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட் அடாப்டரில் எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு வெட்டுப்படாமல் கிடைப்பது பக்கத்துக்கு 9 வாட்தான். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, இரண்டால் வகுத்து, பிறகு ஓமால் வகுத்தால் வந்துவிடும். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் என்றால் 22 வாட். 24 வோல்ட் என்றால் 36. பலகையில் '50 + 50' என்று அச்சிட்டிருப்பது நாலு ஓமுக்கும் அதிக வோல்ட்டுக்கும் சொன்ன கணக்கு. 16 வாட் போதும் என்று மேலே வந்தவருக்கு அந்த 19 வோல்ட் செட்டே தாராளம்.

ஓம் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆம்ப்பின் பின்னால் '6 முதல் 16 ஓம்' என்று எழுதியிருந்தால் நாலு ஓம் ஸ்பீக்கரை மாட்டக் கூடாது. எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சேர்த்து ஒரே முனையில் மாட்டினாலும் நாலு ஓம்தான் ஆகும். மாடிக்கும் ஒரு ஜோடி என்று இழுக்கிறவர்கள் இங்கேதான் ஆம்ப்பைக் கருக்குகிறார்கள். மைக் செட் ஆம்ப்பை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் பின்பக்கம் 70 வோல்ட், 100 வோல்ட் என்று முனைகள் இருக்கும். தூரத்தில் இருக்கும் குழாய்களுக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கொண்டுபோகிற ஏற்பாடு அது. வீட்டு ஸ்பீக்கரை அதில் செருகினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும்.

கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பாணி ஆம்ப்பா, கிளாஸ்-டியா என்று சண்டை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருக்கட்டும். எனக்கு அதில் பெரிய கட்சி இல்லை. நம் பக்கத்துக் கரண்ட்டை வைத்துப் பார்த்தால் மட்டும் ஒன்று சொல்லலாம். சாயங்காலம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்பின் வாட் மூன்றில் இரண்டு பங்காகும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் காதுக்கு அது இரண்டு டெசிபல்கூட இல்லை. குறைந்த வோல்ட்டேஜுக்குப் பயந்து பெரிய ஸ்டெபிலைசர் வாங்காதீர்கள். பயப்பட வேண்டியது ஏற்றத்துக்கு. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் பக்கம் வந்து நிற்கலாம். 2018-ல் கஜா புயல் அடித்த பிறகு கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த நாட்களில் டிவியும் ஆம்ப்பும் அப்படித்தான் நிறையப் போயின. ஏறினாலும் இறங்கினாலும் வெட்டிவிட்டு, சில நிமிஷம் பொறுத்துத் திரும்பக் கொடுக்கிற கட்-ஆஃப் ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். இன்வெர்ட்டரில் கேட்பவர்கள் சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப் ரீங்காரம் போடும்.

மற்ற வசதிகளில், டிவியும் அதே ஹாலில் இருந்தால் ஆப்டிகல் முனை உள்ள ஆம்ப்பாக எடுங்கள், காரணம் பின்னால் வருகிறது. ரெக்கார்டு பிளேயர் இருந்தால் போனோ முனை வேண்டும். புளூடூத் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. பணத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் நூற்றுக்கு அறுபது ஸ்பீக்கருக்கு, முப்பது ஆம்ப்புக்கு, மிச்சம் ஸ்டாண்டு, ஒயர், திரைக்கு. கடைக்காரர் இதைத் திருப்பிப் போடச் சொல்வார், கேட்காதீர்கள்.

வைக்கிற விதம்

ஷோகேஸ் மாடத்துக்குள் ஸ்பீக்கரைத் திணிப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய அநியாயம். பின்னால் ஓட்டை வைத்த பெட்டிக்குக் காற்றுப் போக இடமில்லாமல் பானைக்குள் பேசுவது போல ஆகிவிடும். சுவரிலிருந்து ஓர் அடியாவது முன்னால் வரட்டும். மூலையில் வைத்தால் பேஸ் ஏறிக்கொண்டே போகும். 'கும்' என்கிற ஹாலில் மூலையைத் தவிருங்கள், சோகையான ஹாலில் கொஞ்சம் மூலைப் பக்கம் தள்ளிப் பாருங்கள்.

இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் மூன்று முனையாக, மூன்று பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ட்வீட்டர் உட்கார்ந்த காது உயரத்துக்கு வரட்டும். நாற்காலி என்றால் தரையிலிருந்து மூன்றடியைக் கொஞ்சம் தாண்டும். ஆசாரியிடம் சொல்லி வேங்கை மரத்தில் கனமான இரண்டு ஸ்டூல் செய்துகொண்டால் போதும், கடை ஸ்டாண்டு தேவையில்லை. மேலே கிச்சன் மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்றும், அதன் மேல் நாலு மூலைக்கும் ரப்பரும் வைத்து ஸ்பீக்கரை உட்கார வையுங்கள். பீரோவைப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதிரும். டிவிக்கு ஒரு ஸ்பீக்கர், ஜன்னலுக்கு ஒரு ஸ்பீக்கர் என்று இரண்டையும் வேறு வேறு உயரத்தில் வைப்பவர்களுக்கு எதுவும் சொல்வதற்கில்லை.

ஒயருக்கு அதிசயம் எதுவும் வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். பத்து மீட்டர் தூரம், போக வர இருபது மீட்டர் என்றாலும் அதன் தடை 0.16 ஓம்தான். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 வரை விடலாம். ஸ்பீக்கர் ஒயர் என்று பளபளவென்று விற்பதை வாங்குவதாக இருந்தால் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. வேதாரண்யம், நாகப்பட்டினம் மாதிரி உப்புக் காற்று ஊர்களில் முனைகள் பச்சை பூத்துவிடும், வருஷத்துக்கு ஒரு தடவை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறிவிட்டால் எதுவும் கெட்டுப்போகாது, ஆனால் பேஸ் கரைந்துவிடும், பாடகர் நடுவில் நிற்காமல் ஹால் முழுக்கப் பரவிக் கிடப்பார். சுவருக்குள் போன ஒயரில் எது எது என்று தெரியாவிட்டால் ஆம்ப்பிலிருந்து கழற்றிய முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பெரிய கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் சிவப்பு.

எல்லாம் மாட்டியதும் டோன் குமிழ்களை நடுவில் வைத்துக் கேளுங்கள். முதலில் பாட்டு வேண்டாம், திருச்சி வானொலியில் ஓர் ஆண் குரல் செய்தி வாசிப்பதைப் போடுங்கள். குரல் நெஞ்சுக்குள்ளிருந்து குகை மாதிரி வந்தால் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இன்னும் முன்னால் இழுங்கள். வாசிப்பவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், வெறும் சுவரில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தூரத்தை மறுபடி அளங்கள். பிறகு மிருதங்கம். இடப் பக்கத் தொப்பியில் ரவை பூசியிருப்பதால் அதன் ஒலி கீழே வளைந்து இறங்கும். அந்த வளைவு கேட்க வேண்டும், வெறும் 'தும்' போதாது. வலந்தலையின் ஒலி சுருதியோடு சேர்ந்து மணி மாதிரி நிற்க வேண்டும்.

அப்புறம் நாகஸ்வரம், தவில். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த வாத்தியத்தை (2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது) கோயில் பிராகாரத்தில் நேராகக் கேட்டு வளர்ந்த காது இது. கடையில் போட்டுக் காட்டும் வெளிநாட்டு கிடார் நிஜத்தில் எப்படி ஒலிக்கும் என்று நமக்குத் தெரியாது, நாகஸ்வரம் எப்படி ஒலிக்கும் என்று தெரியும். மட்டமான ட்வீட்டரில் அது தகர ஊதல் ஆகிவிடும். தவிலில் ஒரு பக்கம் குச்சி, ஒரு பக்கம் கூடு போட்ட விரல். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து கேட்டால் உங்கள் பணம் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது. செல்போனில் அந்த ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

சப்-வூஃபர் (பேஸுக்கு மட்டுமான தனிப் பெட்டி) உடனே வேண்டாம். ஒரு மாசம் இப்படியே கேளுங்கள். பிறகும் கீழே ஏதோ குறைகிறது என்றால் வாங்கலாம். இடம் கண்டுபிடிக்க அதை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே பேஸ் சமமாகக் கேட்கிறதோ அங்கே வையுங்கள். வீட்டில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், பரவாயில்லை. எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்கு விடுவது என்பதை 80-ல் ஆரம்பித்துப் பாருங்கள்.

இரைச்சல், பல்லி, இடி

பாட்டு நிறுத்திய பிறகும் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் வந்தால் முதலில் செட்-டாப் பெட்டியில் வரும் கேபிளையோ டிஷ் ஒயரையோ கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அந்த ஒயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வட்டமாகச் சேர்ந்திருக்கிறது. டிவிக்கும் ஆம்ப்புக்கும் ஆப்டிகல் ஒயர் போட்டால் அதில் வெளிச்சம் மட்டுமே போகும், மின்சாரத் தொடர்பு அறுந்துவிடும். ஆப்டிகல் முனை கேட்டது இதற்குத்தான். சில பேர் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரைச்சல் போய்விட்டது என்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், உயிர் போகிற விஷயம்.

கேபிள் கழற்றியும் நிற்காவிட்டால் எர்த் குழியைப் பாருங்கள். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கிற ஜூன் 12-க்கு முன்னால் வரும் இரண்டு மாசமும் மண் வறண்டு கிடக்கும். உப்பும் கரியும் போட்டுக் கட்டிய குழி என்றாலும் ஈரம் இல்லாவிட்டால் பேருக்குத்தான் எர்த். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

ஆம்ப் சூடாகும், அதனால் மேலே நாலு விரற்கடை இடமும் பின்னால் காற்றும் வேண்டும். அந்தச் சூட்டைத் தேடித்தான் பல்லி வரும். காற்றுத் துளை வழியாக உள்ளே போய் இரண்டு முனைக்கு நடுவே செத்துக் கிடக்கும், ஆம்ப்பும் அதோடு சேரும். எறும்பு ரிலேயில் (உள்ளே இருக்கும் தானாக இயங்கும் சுவிட்சில்) புகுந்து ஒரு பக்கம் மட்டும் பாடாமல் செய்துவிடும். துளைகளுக்கு உள்பக்கமாகக் கொசுவலைத் துணியை ஒட்டலாம், காற்றுக்கு வழி இருக்கும். வாரண்டி முடிந்த ஆம்ப்பில் மட்டும் இதைச் செய்யுங்கள், அதுவும் பிளக்கைக் கழற்றி ஒரு நாள் விட்ட பிறகு. உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் கொஞ்ச நேரம் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அணைத்து ஆறிய பிறகு துணி போட்டு மூடுவது நல்லது, ஓடும்போது மூடுவது கூடாது. ஆம்ப் மேல் விளக்கு ஏற்றுவதையும் பூச்சாடி வைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், உள்ளே காய்ந்துகொள்ளும். இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கி, மொட்டை மாடியிலிருந்து வரும் டிஷ் ஒயரையும் கழற்றித் தனியாகப் போடுங்கள். அந்த ஒயர் வழியாகவும் இடி வரும். இதையெல்லாம் இடி தலைக்கு மேல் வந்த பிறகு செய்யப் போகாதீர்கள், வானம் கறுக்கும்போதே செய்துவிடுங்கள்.